வார்த்தை வேட்டை: ஃபியோர்டு

ஜியாகரஃபி பேப்பர்ல ரெண்டு மார்க் கேள்வியா வந்து போற வார்த்தை இது. 'பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல்நீர் புகுந்தால் ஃபியோர்டு'ன்னு ஒரு வரி எழுதிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிடுவோம். விடை கரெக்ட்தான். ஆனா, அந்த வார்த்தைக்குள்ள பனியும் இல்லை, பள்ளமும் இல்லை. அப்புறம் என்னதான் இருக்கு?

இங்கிலீஷ்ல எழுதும்போது நடுவுல ஒரு 'ஜே' வரும். அதை 'ய' மாதிரி உச்சரிக்கணும். நார்வே நாட்டுச் சரக்கு. வைக்கிங்குகள் பேசின பழைய நார்ஸ் மொழியில் இது 'ஃபியோர்தர்'. வேரைத் தோண்டிக்கிட்டே போனா, மொழியியல் ஆட்கள் நம்மைக் கொண்டுபோய் நிறுத்துற இடம், 'பெர்' என்கிற இந்தோ-ஐரோப்பிய வேர்ச்சொல். அர்த்தம்... கடந்து போறது!

இந்த வேரோட சொந்தக்காரங்க நிறைய பேர். ஆளை அக்கரை சேர்க்கிற 'ஃபெர்ரி', பஸ்ல கொடுக்கிற 'ஃபேர்', லத்தீன் வழியா வந்த 'போர்ட்' எல்லாம் ஒரே குடும்பம். ஆற்றை நடந்தே கடக்கிற ஆழமில்லாத இடத்துக்கு 'ஃபோர்டு'னு பேர். காளைகள் ஆற்றைக் கடந்த இடம்தான் ஆக்ஸ்ஃபோர்டு. கார் கம்பெனி ஆரம்பிச்ச ஹென்றி ஃபோர்டோட குடும்பப் பேரும் இதுலேர்ந்து வந்ததுதான்.

இதுல ஒரு ட்விஸ்ட். அயர்லாந்தில் இருக்கிற வாட்டர்ஃபோர்டு, வெக்ஸ்ஃபோர்டு ஊர்களும் அப்படித்தான்னு நினைச்சா, ஏமாந்தோம். அதெல்லாம் வைக்கிங்குகள் வெச்ச பேர். கடைசியில் இருக்கிறது 'ஃபோர்டு' இல்லை, நம்ம ஃபியோர்டு! வேல்ஸ்ல இருக்கிற மில்ஃபோர்டும் அதே கதை. அந்தப் பேரைத்தான் நியூசிலாந்துக்குக் கொண்டுபோய் 'மில்ஃபோர்டு சவுண்ட்'னு வெச்சாங்க. அது பனியாறு குடைஞ்ச அசல் ஃபியோர்டு. பேர்ல 'சவுண்ட்'னு இருந்தாலும், 'மில்ஃபோர்டு'க்குள்ள ஃபியோர்டு சத்தமில்லாம உட்கார்ந்திருக்கு.

பனியாறு டெஃபனிஷன் எல்லாம் பின்னாடி புவியியல்காரங்க சேர்த்தது. அந்த ஊர் ஜனங்க அதுக்குக் கட்டுப்படலை. மலையே இல்லாத டென்மார்க்கிலும் லிம்ஃபியோர்டு இருக்கு. நார்வேயின் டீரிஃபியோர்டு ஒரு நன்னீர் ஏரி!

சரி, ஏன் 'கடக்கிற இடம்'னு பேர் வந்துச்சு? நார்வேயின் சோங்னஃபியோர்டைப் பாருங்க. கடல்லேர்ந்து உள்ளே 200 கிலோமீட்டருக்கு மேல போகுது. ஆழம் 1,300 மீட்டர். ரெண்டு பக்கமும் செங்குத்தா மலை. சுத்திப் போகணும்னா நாள் கணக்காகும். அதனால, டூரிஸ்ட்டுக்கு அது போஸ்ட்கார்டு காட்சி. அங்கே இருக்கிறவனுக்கு எதிர்க்கரைக்குப் போற வழி. பேர் வெச்சது கரையில் நின்னு ரசிச்சவங்க இல்லை, படகுல போனவங்க!

அந்தக் கடத்தல் இன்னும் நடக்குது. கார்களை ஏத்திக்கிட்டுப் போற உலகின் முதல் முழு மின்சார ஃபெர்ரி 'ஆம்பியர்' 2015-ல் ஓட ஆரம்பிச்சது இதே சோங்னஃபியோர்டுலதான். இன்னொரு பக்கம், பொக்னாஃபியோர்டுக்கு அடியில் சுமார் 27 கிலோமீட்டர் நீளத்துக்கு ரோடு சுரங்கம் போடுற வேலை 2018-ல் ஆரம்பிச்சாச்சு. அது முடிஞ்சா அங்கே ஃபெர்ரி வேண்டாம். டெக்கில் நின்னு காத்து வாங்குற சுகம் போயிடும். ஆனா, நடுராத்திரி ஆஸ்பத்திரிக்குப் போறவங்க படகுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. படகோ, சுரங்கமோ... கடந்தா சரி. வார்த்தைக்கும் அர்த்தம் அதுதானே!

ஒரு வேண்டுகோள்: எக்ஸாம்ல மட்டும் பனியாறுன்னே எழுதுங்க. மார்க் அதுக்குத்தான்!