நெஞ்சில் நிற்பவர் யார்?

சென்ற மாதம் ஒரு ஞாயிறு இரவு. விடுதியில் உணவு முடிந்தது, வாதம் முடியவில்லை. "நூல்கள், திரைப்படங்கள், இக்காலக் கணினி ஆட்டங்கள் ஆகியவற்றுள் சிறந்தது எது? மறக்க முடியாத பாத்திரத்தை அளவாக வைத்து வரிசைப்படுத்துங்கள்" என்று மன்றத் தோழர் ஒருவர் வினாவைத் தூக்கிப் போட்டுவிட்டார். சந்தாபுரா நெடுஞ்சாலையில் ஓசூர்ப் பேருந்துகளின் இரைச்சல் ஓய்ந்த பின்னும் எங்கள் அறையில் இரைச்சல் ஓயவில்லை. ஆளுக்கொரு தாள், தாளுக்குப் பத்துப் பெயர்.

மறுநாள் காலை அத்தாள்களை ஒன்றாக வைத்துப் பார்த்தேன். மகிழ்ச்சி தோன்றவில்லை, வருத்தமே தோன்றியது. முதலிடங்களைப் பிடித்திருந்தவர்கள் பெரும்பாலும் வாளோ துப்பாக்கியோ ஏந்திய வீரர்கள். பெண் பெயர் அருகியே இருந்தது. பாத்திரத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பலர் நடிகரின் பெயரை எழுதியிருந்தனர். பிறரைக் குறை கூற எனக்குத் தகுதியில்லை. என் தாளில் முதலிடம் வந்தியத்தேவனுக்கு. ஆனால், நண்பர்களே, 'பொன்னியின் செல்வ'னில் ஒரு பக்கத்தைக்கூட நான் அன்றுவரை படித்ததில்லை!

கர்நாடகத்தில் பிறந்து, பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் பயின்றவன் நான். தமிழெழுத்தை வீட்டில் அம்மா கற்றுக் கொடுத்தார். கடைப் பலகையைப் படிக்கவும், கடிதம் எழுதவும் அது போதுமாக இருந்தது. ஐந்து பாகங்களைப் படிக்கும் பொறுமை வரவில்லை. நம் மன்றத்தில் என்னைப் போன்றோர் பலர். திரையில் இரண்டு பாகம் பார்த்துவிட்டு, நூலுக்கு மதிப்பெண் போட்டேன். தேர்வுத்தாளைத் திறவாமலே திருத்திய ஆசிரியரை நாம் என்ன சொல்லுவோம்? அதையே என்னைப் பார்த்தும் சொல்லலாம்.

'வரிசைப்படுத்துவதே சிறுபிள்ளை விளையாட்டு. இலக்கியத்திற்கு ஓட்டப் பந்தயமா?' என்று சிலர் கேட்கக் கூடும். வரிசையும் தொகையும் தமிழருக்குப் புதியன அல்ல. ஐம்பெருங்காப்பியம் என்பது என்ன? ஒரு பட்டியல்தானே? கடையெழு வள்ளல்கள் என்று எழுவரை எண்ணிச் சொன்னவர் யார்? நம் முன்னோர் அல்லரோ? அந்த எழுவருள் ஒருவன் அதியமான். நம் சந்தாபுரா வழியே செல்லும் இதே நெடுஞ்சாலையில் ஓசூரையும் கிருஷ்ணகிரியையும் கடந்தால் தருமபுரி. அதுவே அவனுடைய பழைய தகடூர். அவன் வென்ற போர்கள் எத்தனை என்று கேட்டால் நம்மில் எவரும் விழிப்போம். நெல்லிக்கனியை ஔவைக்குக் கொடுத்தான் என்பது மட்டும் குழந்தைக்கும் தெரியும். ஒரு கனி, ஒரு கொடை, ஈராயிரம் ஆண்டு நினைவு! பாத்திரம் நெஞ்சில் நிற்பது எதனால் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆகவே வரிசை தவறன்று. அளவுகோல்தான் சரியாக இருத்தல் வேண்டும். என் அளவுகோல் மூன்று. ஒன்று: நடிகரின் முகத்தையும் இசையின் முழக்கத்தையும் நீக்கிய பின்னும் அந்த மனிதர் நிற்க வேண்டும். இரண்டு: தாம் செய்ததன் பயனைத் தாமே சுமக்க வேண்டும். மூன்று: நாம் ஒரு முடிவெடுக்கும் வேளையில், அழையாமலே வந்து நம் அருகில் நிற்க வேண்டும். எத்தனை நேரம் தோன்றினார் என்பது கணக்கில் இல்லை. 1968இல் வந்த 'தில்லானா மோகனாம்பாள்' படத்தில் மனோரமாவின் ஜில் ஜில் ரமாமணிக்குக் காட்சிகள் எத்தனை? சிலவே. ஆயினும் மோகனாவின் ஆட்டத்தோடும் சண்முகசுந்தரத்தின் நாயனத்தோடும் ரமாமணியின் பேச்சும் நம் வீடுகளில் இன்றும் வாழ்கிறது.

இனி என் வரிசை. ஐந்தாம் இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஐந்தாம் இடம்: 'பொன்னியின் செல்வன்.' ஆம், முதலிடத்திலிருந்து இறக்கிவிட்டேன். இம்முறை படித்துவிட்டு இறக்கினேன்! 1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கி மூன்றரை ஆண்டு ஓடிய தொடர் இது. வாரந்தோறும் காத்திருந்து படித்தவர்க்கு மணியத்தின் ஓவியங்கள் துணையிருந்தன. எஞ்சிய உருவத்தை அவரவர் மனமே வரைந்து கொண்டது. 2022இலும் 2023இலும் படம் பார்த்த நமக்கு அந்த வேலை மிச்சம். அந்த இன்பமும் மிச்சமில்லை. இரண்டு ஓலைகளைச் சுமந்து புறப்பட்ட வந்தியத்தேவன் இனியவன், குறும்பன். ஆனால் நூலை மூடிய பின் என் நெஞ்சில் நின்றவள் நந்தினி. அவள் யார் மகள், அவள் கேட்டது பழியா, நீதியா என்று வாசகர் இன்றளவும் வழக்காடுகின்றனர். வழக்கு முடியாத பாத்திரமே வாழும் பாத்திரம்.

நான்காம் இடம்: 'வெண்பா.' பெயரைக் கண்டு யாப்பிலக்கணம் என்று மருள வேண்டா; இஃது ஒரு கணினி ஆட்டம். கனடாவின் டொராண்டோ நகரில் விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் ஆக்கி, 2023 ஜூலையில் வெளியிட்டது. 2024இல் பிரிட்டனின் பாஃப்டா அமைப்பு சிறந்த முதற்படைப்புக்கான ஆட்ட விருதை இதற்கு அளித்தது. 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின், இவர்களே மாந்தர். இங்கே சுடுவது துப்பாக்கியன்று, அடுப்பு! அம்மாவின் கிழிந்து கறைபட்ட சமையற் குறிப்பேட்டைக் கொண்டு இட்லியும் புட்டும் பிரியாணியும் சமைப்பதே ஆட்டம்.

"ஆடுபவன் நானே, அதில் தனியாகப் பாத்திரம் ஏது?" என்று ஒரு தோழர் மறுத்தார். நல்ல மறுப்பு. பல ஆட்டங்களுக்கு அது பொருந்தும். 1981 முதல் குதித்துக் கொண்டிருக்கும் மாரியோவின் மீசை நினைவில் இருக்கிறது. அவன் மனம் நமக்குத் தெரியாது. வெண்பாவில் அப்படியன்று. இட்லித் தட்டை அடுக்குவது என் கை. உண்ண மறுத்து, ஆங்கிலத்தில் விடை சொல்லும் மகனைக் கண்டு சுருங்கும் மனம் அவளுடையது. நூலில் துயரைப் படிக்கிறோம், படத்தில் பார்க்கிறோம், இதில் அந்தத் துயரை நம் கையாலேயே பரிமாறுகிறோம். வளர்ந்த கவின் அதே குறிப்பேட்டைத் திறக்கையில் தமிழெழுத்து அவனுக்கு எளிதில் வசப்படவில்லை. அந்த இடத்தில் நான் ஆட்டத்தை நிறுத்திவிட்டேன். டொராண்டோ தொலைவில் இருக்கலாம். கவின் தொலைவில் இல்லை. அவன் நம் விடுதியில் என் கட்டிலில்தான் படுத்திருந்தான்.

மூன்றாம் இடம்: 'முள்ளும் மலரும்.' உமாசந்திரனின் நாவலைத் தழுவி, மகேந்திரன் 1978இல் எடுத்த படம். காளி மின் நிலையத்தில் விஞ்ச் இயக்கும் தொழிலாளி. தங்கை வள்ளியிடம் உயிரையே வைத்திருப்பவன், எஞ்சினியரிடம் வணங்காதவன். கையை இழந்த பின்னும் வீம்பை இழக்கவில்லை. முடிவில் தங்கையை அந்த எஞ்சினியருக்கே மணமுடித்துத் தர இசைகிறான். இசைந்த பிறகும் 'உம்மை எனக்குப் பிடிக்கவில்லை' என்பதை மறைக்கவில்லை. கடைசிக் காட்சியில் எல்லாரும் திருந்திக் கைகூப்பும் படங்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, திருந்தாமலே உயர்ந்த மனிதன் ஒருவனை மகேந்திரன் காட்டினார். இரஜினிகாந்தின் புகழை ஒரு நாழிகை மறந்து பாருங்கள். காளி அப்போதும் நிற்பான்.

இரண்டாம் இடம்: ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்.' 1970களின் முற்பகுதியில் எழுதப்பட்டது. ஹென்றி நம் ஊர்ப் பிள்ளை! பெங்களூரிலிருந்து, வளர்த்த தந்தையின் பூட்டிய வீட்டைத் தேடித் தமிழ்நாட்டுச் சிற்றூருக்குப் போகிறான். சாதி, மதம், குலம் எதுவும் அவன்மேல் ஒட்டவில்லை. சொத்துக்கு வழக்காட வரவில்லை. தந்தையின் நினைவைத் தொட்டுப் பார்க்க வந்திருக்கிறான். கொடியவனைப் படைத்தல் எளிது. நல்லவனைச் சலிப்பில்லாமல் படைத்தல் அரிது. அவ்வரிய செயல் இந்நூலில் நடந்திருக்கிறது. பெங்களூர்த் தமிழனாகிய நான் 'என் ஊர் எது?' என்று குழம்பும்போதெல்லாம் ஹென்றி வந்து சிரிக்கிறான்.

முதலிடம்: சிலப்பதிகாரம். 'கண்ணகிக்கா?' என்பீர்கள். கண்ணகிக்கும்தான், ஆனால் என்னை உலுக்கியவன் பாண்டியன். பொற்கொல்லன் சொல்லை நம்பி, ஆராயாமல் ஆணையிட்டான். சிலம்பு உடைந்தது. அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. தெறித்து விழுந்ததோ மாணிக்கம்! அவையில் எத்தனையோ சொல்லிச் சமாளித்திருக்கலாம். அமைச்சர்மீது பழி போட்டிருக்கலாம். அவனோ தன்னையே கள்வன் எனத் தீர்ப்பளித்து, அரியணையிலேயே உயிர் விட்டான். தவறு செய்தது ஒரு கணம். அதை ஒப்புக் கொண்டதும் ஒரு கணம். அடைக்கலப் பொருளைக் காக்கத் தவறினோமே என்று தீப்புகுந்த ஆய்ச்சி மாதரியையும் எண்ணிப் பாருங்கள். சிறு பாத்திரத்திற்கும் பெரு நெஞ்சு வைத்த காப்பியம் அது. பிழையை மறைக்கும் வேளையில் அந்தப் பாண்டியன் என் முன் வந்து நிற்கிறான். என் தாளில் செய்த பொய்யை இங்கே நான் ஒப்புக் கொண்டதும் அவனால்தான்.

இவ்வரிசையை நீங்கள் ஏற்க வேண்டுமென்று நான் கேட்கவில்லை. கிழித்தெறியுங்கள், ஆனால் படித்துவிட்டுக் கிழியுங்கள், பார்த்துவிட்டுப் பழியுங்கள். மன்றத்திற்கு என் வேண்டுகோள் ஒன்று உண்டு. தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத தோழர்கள் நம்மிடையே இருக்கின்றனர். வாரம் ஒரு மாலை, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்கும் வாசிப்பு வட்டம் ஒன்றைத் தொடங்குவோம். அதற்குப் பணம் வேண்டா. ஒரு நூலும் ஒரு குரலும் போதும். ஆண்டிறுதியில் மீண்டும் ஆளுக்கொரு தாள் எடுப்போம். அன்று அத்தாள்களில் எழுதப்படும் பெயர்கள் சுவரொட்டியிலிருந்து இறங்கி வந்தவையாக இரா. நம் நெஞ்சிலிருந்து எழுந்து வந்தவையாக இருக்கும்.