குறும்புப் பையனின் கழகம்

வெற்றிக் கிண்ணங்களை வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் கழகங்களின் வரலாற்றை எழுதப் பலர் உளர். தோல்விகளையே மிகுதியாகக் கண்ட சிறு கழகமொன்றின் கதையும் அறியத்தக்கதே. பிரேசில் நாட்டுச் சாவோ பாவுலோ நகரின் ஜுவென்டஸ் உதைபந்தாட்டக் கழகம் அத்தகையது.

அந்நகரின் மோக்கா என்னும் பகுதி இத்தாலியிலிருந்து குடியேறிய தொழிலாளர் நிறைந்து வாழ்ந்த இடம். ரொடோல்போ கிரெஸ்பி என்பவரின் பருத்தி ஆலையே அவர்களுட் பலருக்குச் சோறிட்டது. ஆயினும் அச்சோறு எளிதில் வந்ததன்று. 1917ஆம் ஆண்டு நகரையே முடக்கிய பொது வேலைநிறுத்தம் இவ்வாலையிலேதான் தொடங்கிற்று. அத்தொழிலாளரின் ஆட்டக் குழுக்கள் இரண்டு ஒன்றுசேர, 1924 ஏப்ரில் 20ஆந் திகதி கழகம் பிறந்தது. அதே ஆண்டு யூலைக் கிளர்ச்சியின்போது அரசாங்கப் படையின் குண்டுகள் ஆலையைத் தாக்கின. கழகமோ பிழைத்துக்கொண்டது.

1930இல் அது ஜுவென்டஸ் எனப் பெயர் பூண்டது. பெயர் இத்தாலியின் டூரின் நகரத்துக் கழகமொன்றின் பெயர். அணிந்த கருஞ்சிவப்புச் சட்டையின் நிறமோ அதே நகரத்திலுள்ள எதிரிக் கழகமாகிய டொரினோவின் நிறம்! அவ்வாண்டிலேயே பெருங் கழகமான கொரிந்தியன்சை அதன் சொந்த மைதானத்திலேயே 2–1 என வென்றது. பெரியவர் வீட்டிற் புகுந்து கண்ணாடியை உடைத்துவிட்டு ஓடும் சிறுவனைப் போன்ற அச்செயலுக்காகக் 'குறும்புப் பையன்' என்னும் பட்டம் அதற்கு நிலைத்தது.

ஆனால் உலகம் இக்கழகத்தை நினைப்பது ஒரு தோல்வியினாலாகும். 1959 ஓகஸ்ட் 2ஆந் திகதி, ஜவாரி வீதியிலுள்ள அதன் சிறு மைதானத்தில் சாந்தோஸ் கழகம் 4–0 என வென்றது. பதினெட்டு வயதுப் பெலே, பந்தை நிலத்தில் விழவிடாது, தடுக்க வந்தோர் தலைகளுக்கு மேலால் ஒவ்வொருவராகக் கடத்தி, ஈற்றிற் கோல் காப்பாளரையுங் கடந்து, தலையால் மோதி வலைக்குள் இட்டார். தம் வாழ்வின் மிக அழகிய கோல் அதுவே எனப் பிற்காலத்தில் அவர் கூறினார். அதனைப் படம் பிடித்தவர் எவருமிலர். 2004இல் வெளிவந்த திரைப்படமொன்றிற்காகக் கண்டோரின் நினைவைக் கொண்டு கணினியில் அக்காட்சியை மீள உருவாக்கினர். 2006இல் அதே மைதானத்தில் பெலேயின் சிலையும் நாட்டப்பட்டது. தம்மைத் தோற்கடித்தவனுக்குத் தம் வீட்டு முற்றத்திலேயே சிலை வைக்கும் பெருந்தன்மை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

1983இல் பிரேசிலின் இரண்டாம் பிரிவுக் கிண்ணத்தை வென்றதே கழகத்தின் தலையாய வெற்றி. 2008இல் மாநில முதற் பிரிவிலிருந்து இறங்கி, அதன்பின் கீழ்ப் பிரிவுகளிற் பல ஆண்டுகளைக் கழித்தது. தாயாகிய பருத்தி ஆலை அதற்கு நெடுங்காலம் முன்னரே மூடப்பட்டு, அக்கட்டடம் பின்னர்ப் பெரிய அங்காடியாகியது. கழகம் மட்டும் அழியவில்லை. சில ஆயிரம் பேரே அமரக்கூடிய மைதானத்திற்கு மோக்கா மக்கள் தந்தையர் கைப்பிடித்து வந்ததுபோலவே தம் பிள்ளைகளையும் அழைத்து வந்தனர்.

முதலிடம் பெறுவோரையே போற்றும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக. செல்வரின் ஆலை மறைந்தது. அதன் தொழிலாளர் ஓய்வுநேரத்தில் உதைத்த பந்து இன்னும் உருள்கின்றது.