வருத்தப்படாதவர் யார்?



சென்ற திங்கள் இரண்டாம் ஞாயிறு மாலை, சித்தூரில் நமது சங்கக் கூடத்தில் ஒரு திரைப்படம் காட்டப்பெற்றது. ஏற்பாடு செய்தவர்கள் நம் சங்கத்து இளைஞர்கள். வெண்திரை கட்டியதும், நாற்காலி வாடகைக்கு எடுத்து வந்ததும், வந்தோர்க்கெல்லாம் சுண்டல் வழங்கியதும் அவர்களே. காட்டிய படம் ‘வருத்தப்படாத வாலிபர் சங்கம்’. 2013-ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் வெளிவந்த படத்தை இத்தனை ஆண்டுகள் கழித்துக் காட்டுவானேன் என்று செயற்குழுவில் ஒருவர் வினவினார். “பெயரிலேயே சங்கம் இருக்கிறதே, ஐயா!” என்று ஓர் இளைஞர் விடையிறுத்தார். குழுவினர் நகைத்தனர், அனுமதியும் கிடைத்தது.

படம் முடிந்தபின், பார்த்தவர்களின் கருத்தைக் கேட்டு இப்பகுதியில் எழுதுமாறு ஆசிரியர் நம்மைப் பணித்திருந்தார். நாமும் குறிப்பேடும் எழுதுகோலுமாக வாயிலருகே நின்றோம். அரைமணி நேரத்தில் முடியும் பணி என்று எண்ணியிருந்தோம். அது அத்துணை எளிதன்று என்பது பின்னரே விளங்கியது.

படத்தைக் காணாதவர்க்காகக் கதையைச் சுருங்கக் கூறுவோம். திண்டுக்கல் பக்கத்துச் சிலுக்குவார்பட்டி என்னும் ஊர். அங்கே தொழில் எதுவுமின்றித் திரியும் இளைஞர்கள் கூடி ஒரு சங்கம் வைத்திருக்கின்றனர். தலைவன் போஸ்பாண்டி, அவனுக்கு உற்ற துணைவன் கோடி. சிவகார்த்திகேயனும் சூரியும் இவ்விருவராக நடித்துள்ளனர். பள்ளி ஆசிரியை ஒருத்தியின்மேல் மையல் கொண்ட தலைவன், அவளுக்கு எழுதும் மடல்களை லதா என்னும் மாணவியின் கையில் கொடுத்தனுப்புகிறான். அம்மாணவியின் தந்தை சிவனாண்டி, மானமே பெரிதென்று வாழும் ஊர்ப்பெரியவர். துப்பாக்கியும் கையுமாக உலவுபவர். இவ்வேடத்தை ஏற்றவர் சத்யராஜ். ஆசிரியைக்கு வேறிடத்தில் மணம் முடிகிறது. பின்னர் லதாவைச் சேலை உடுத்திய கோலத்தில் கண்ட போஸ்பாண்டியின் மனம் அவள்பால் திரும்புகிறது. மகளைத் தந்தையே சுட்டுவிட்டார் என்னும் வதந்தியோடு தொடங்கும் படம், அது உண்மையன்று என்று காட்டி நம்மைச் சிரிக்கவைத்து முடிகிறது. இயக்குநர் பொன்ராமுக்கு இதுவே முதற்படம். வசனம் எழுதியவர் எம். ராஜேஷ், இசை அமைத்தவர் டி. இமான்.

நம் வட்டாரத்தார்க்கு இப்படத்தோடு சிறிது உறவும் உண்டு. ஆசிரியையாகத் தோன்றும் பிந்து மாதவி, அந்நாளில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளியில் பிறந்தவர். கதாநாயகி ஸ்ரீதிவ்யாவும் தெலுங்கு நாட்டுப் பெண்ணே; அவர் தமிழில் நடித்த முதற்படம் இது.

இனிக் கருத்துகளைக் கேட்போம்.

முதலில் வந்தவர் எழுபதைக் கடந்த பெரியவர் ஒருவர். “இது புதுச் சரக்கன்று, தம்பி. 1964-இல் ஸ்ரீதர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் பழங்கதை. தகப்பன் பணத்தில் படம் எடுக்கப் புறப்பட்ட நாகேஷை மறக்க முடியுமா? பாலையாவிடம் அவர் பேய்க்கதை சொல்லும் இடம் ஒன்று போதாதா? வேலை போன பையன் முதலாளி மகளைக் காதலித்ததும் அந்தப் படத்தில்தான். எந்தக் காலத்திலும் தகப்பனுக்குப் பிள்ளை சோம்பேறி. பிள்ளைக்குத் தகப்பன் முசுடு. சிரித்துவிட்டு வீட்டுக்குப் போவதுதான் முறை” என்றார். அவர் அவ்வாறே சிரித்துக்கொண்டு சென்றார்.

அடுத்து ஓர் அம்மையார். அவர் மகள் பத்தாம் வகுப்பில் பயில்கிறாள். “சிரிப்பு வந்தது உண்மை. ஆனால், சீருடை அணிந்த பெண் கையில் காதல் கடிதம் கொடுத்தனுப்புவது என்ன வேடிக்கை? நாளை என் மகள் பள்ளிக்குப் போகும் வழியில் யாராவது ஊதா ரிப்பன் பாட்டுப் பாடினால் நான் சிரிப்பேனா?” என்றார். வயது நிரம்பாத அப்பெண்ணுக்கு நடக்கவிருந்த திருமணத்தைக் காவலரைக் கொண்டு நிறுத்துபவனும் இதே போஸ்பாண்டிதானே என்று நாம் நினைவூட்டினோம். “நிறுத்தினான், சரி. அந்த நல்ல புத்தி கடிதம் கொடுக்கும்போது எங்கே போயிற்று?” என்று கேட்டார். நம்மிடம் விடையில்லை. அவர் கூறியது நியாயமே என்று குறித்துக்கொண்டோம்.

மூன்றாமவர், சங்கத்துக்கு அடுத்த வீட்டில் வாழும் ஓய்வுபெற்ற தெலுங்கு ஆசிரியர். இப்படம் 2014-இல் ‘கரண்ட் தீகா’ என்னும் பெயரில் தெலுங்கில் வந்தபோது திருப்பதியில் பார்த்தவர். அதில் நடித்த மஞ்சு மனோஜ், திருப்பதி வட்டாரத்தைச் சேர்ந்த மோகன் பாபுவின் இளைய மகன் என்பதில் அவருக்குப் பெருமை உண்டு. “எங்கள் படத்தில் தகப்பனாக வரும் ஜகபதி பாபுவைப் பார்த்தால் அச்சம் வரும், உங்கள் சத்யராஜைப் பார்த்தால் சிரிப்பும் இரக்கமும் வருகின்றன. ஆனால், இரண்டு மொழியிலும் பையன்கள் ஒரே மாதிரிதான் சும்மா இருக்கிறார்கள். சும்மா இருப்பதற்கு மட்டும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை!” என்றார். சூழ்ந்திருந்தோர் கைதட்டினர்.

நான்காமவர் கடை வைத்திருப்பவர். அவர் சிரிக்கவில்லை. “வேலையில்லாமல் சுற்றுவது பெருமை என்று காட்டுகிறார்கள். சுற்றினால் பெண் கிடைக்கும் என்கிறார்கள். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் வேறு வேண்டுமா? இந்தக் கூடத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பத்துப் பேரில் எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள், கேட்டுச் சொல்லும்” என்றார். குரல் சற்று உயர்ந்திருந்தது. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த இளைஞர்கள் காதிலும் அது விழுந்தது.

அவர்களுள் ஒருவர் நம்மிடம் வந்தார். பட்டம் பெற்று மூன்றாண்டு ஆனவர். அமைதியாகவே பேசினார். “படம் நன்றாக இருக்கிறது, ஐயா. ஆனால், இரண்டரை மணி நேரத்தில் ஒருவர்கூட அவர்களைப் பார்த்து, ஏன் உங்களுக்கு வேலை கிடைக்கவில்லை என்று கேட்கவில்லை. ஏன் வேலைக்குப் போகவில்லை என்றே எல்லாரும் கேட்கிறார்கள். நாங்கள் ஆங்கிலத்தில் படித்தோம். வீட்டில் தமிழ் பேசுகிறோம். தெருவில் தெலுங்கு பேசுகிறோம். இங்கே தேர்வு என்றால் தெலுங்கு எழுதத் தடுமாறுகிறோம். அங்கே போனால் தமிழ் எழுதத் தடுமாறுகிறோம். வருத்தப்படாதவர்கள் என்று எங்களுக்குப் பெயர்!” இவ்வளவு கூறிவிட்டு அவர் நாற்காலி அடுக்கச் சென்றார்.

கருத்துகள் இவ்வளவே. இவற்றை இப்படியே எழுதி அனுப்பியிருக்கலாம். ஆயினும் அன்று கூடத்தில் நாம் கண்ட ஒன்றைக் கூறாவிடின், இக்கட்டுரை பாதிப் பொய்யாகிவிடும்.

படத்தில் அந்த இளைஞர்கள் ஏச்சு வாங்கும் இடமெல்லாம் கூடத்தில் பெருநகை எழுந்தது. நாமும் உரக்கச் சிரித்தோம். சிரித்தவாறே ஒருமுறை பின்னால் திரும்பியபோது, கடைசி வரிசையில் நம் இளைய சகோதரன் அமர்ந்திருக்கக் கண்டோம். அவன் சிரிக்கவில்லை. திரையைக்கூடப் பார்க்கவில்லை, சிரிக்கின்ற நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் வணிகவியலில் பட்டம் பெற்றவன். தேர்வுகள் எழுதி எழுதி இரண்டாண்டுகள் ஓடிவிட்டன. ஆறு திங்களுக்கு முன் ஒரு நாள், நாம் இரவுப் பணி முடிந்து வீடு திரும்பியபோது அவன் உறங்கிக்கொண்டிருந்தான். களைப்பும் சினமுமாக, “எழுந்திரும், வருத்தப்படாத வாலிபர் சங்கத் தலைவரே!” என்றோம். வீட்டார் சிரித்தனர். அன்றுமுதல் அப்பெயர் நம் வாயில் ஒட்டிக்கொண்டது.

படம் முடிந்து இருவரும் வீட்டுக்கு நடந்தோம். வழியில் நாமே பேச்சைத் தொடங்கி, “உன் கருத்தையும் எழுதிக்கொள்ளட்டுமா?” என்று வேடிக்கையாகக் கேட்டோம். சற்று நேரம் அவன் பேசவில்லை. பின்னர், “அண்ணா, படத்தில் ஊரே அவனைத் திட்டுகிறது. அவன் அதைத் துடைத்துப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறான். நீங்கள் எனக்கு அந்தப் பெயர் வைத்த நாளிலிருந்து, நீங்கள் வேலைக்குப் புறப்பட்ட பிறகுதான் நான் சாப்பிடுகிறேன். கவனித்தீர்களா?” என்றான்.

நாம் கவனிக்கவில்லை. ஆறு திங்கள் ஒரே கூரையின்கீழ் இருந்தும் கவனிக்கவில்லை. இல்லத்தரசியைக் கேட்டபோது, “எனக்குத் தெரியும். உங்களிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்” என்றாள்.

நாமோ பயணச்சீட்டுச் சாளரத்தின் பின்னே அமர்ந்து ஊதியம் பெறுபவர். நாள்தோறும் காலையில், பாகாலா, சந்திரகிரி வழியே திருப்பதி செல்லும் வண்டிக்குச் சீட்டு வாங்கும் இளைஞர்களின் முகங்கள் நமக்குப் பழக்கமானவை. தோளில் பை, பைக்குள் பொது அறிவுப் புத்தகம். தேர்வுப் பயிற்சிக்காகத் திருப்பதிக்குச் சென்று மாலையில் திரும்புபவர்கள் அவர்கள். சில்லறையை எண்ணி வைக்கும் விதத்திலேயே வீட்டு நிலை தெரியும். அவர்களை நாம் ஒருநாளும் சோம்பேறிகள் என்று எண்ணியதில்லை. அதே பையைத் தோளில் மாட்டிய தம்பியை மட்டும் அவ்வாறு எண்ணினோம். சாளரத்துக்கு வெளியே நிற்பவனிடம் இருந்த பொறுமை வீட்டுக்குள் இருப்பவனிடம் நமக்கு இல்லாமற் போயிற்று.

கணக்கு ஒன்றையும் பாருங்கள். 2019-ஆம் ஆண்டில் இரயில்வேயில் எழுத்தர், நிலைய அதிபர் முதலிய 35,000-க்குச் சற்று மிகுதியான பணியிடங்களுக்கு அறிவிப்பு வந்தது. விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 1 கோடியே 25 இலட்சம் பேர். ஓர் இருக்கைக்கு முந்நூற்றைம்பது பேர்! முதற்கட்டத் தேர்வு தொடங்கியதோ 2020-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில். அந்த ஓர் இருக்கை கிடைத்தவனை உழைப்பாளி என்கிறோம்; கிடைக்காத முந்நூற்று நாற்பத்தொன்பது பேரையும் என்ன பெயரிட்டு அழைப்பது? நாமும் பள்ளி இறுதித் தேர்வு தேறியபின் மூன்றாண்டுகள் ஊர் சுற்றியவர்தாம். அந்நாளில் நம் தந்தையார் ஏசியதுண்டு. ஆனால், தாம் உண்ணும்போது நம்மையும் அருகே அமர்த்திக்கொள்வார். ஏச்சும் சோறும் ஒரே இலையில் வந்தமையால் ஏச்சு உறைக்கவில்லை.

ஆகவே படத்தைப்பற்றி நமது கருத்து இதுதான். சிரிக்கவைப்பதாகச் சொல்லி வந்த படம் சிரிக்கவைக்கிறது, அது குறையன்று. மானம் மானம் என்று முழங்கும் தந்தையும் உள்ளூர மகளை நேசிப்பவரே என்று காட்டுவது நல்லது. பள்ளிப் பெண்ணை மடல் சுமக்க வைத்தது நன்றன்று. அம்மையார் கூறியதை நாம் வழிமொழிகிறோம். தலைவனுக்குப் பெண் கிடைத்தது. தொழில் என்னாயிற்று என்பதைப் பற்றிப் படம் கவலைப்படவில்லை. படம் கவலைப்படாமல் இருக்கலாம். வீடு அவ்வாறு இருக்கலாகாது. சுற்றித் திரியும் பிள்ளை வருத்தப்படாதவன் என்பது திரைக்கதைக்கு வசதியான கற்பனை. அதை நாம் வீட்டுக்குள் கொண்டுவந்து உண்மைபோல் வழங்கினோம். தவறு படத்தினுடையதன்று, நம்முடையது.

பின்னர் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். கருத்துகளை எழுதிய குறிப்பேட்டைச் செயற்குழுவில் படித்துக் காட்டினோம். இளைஞர் கூறியதைப் படித்தபோது கடைக்கார அன்பர் தலை கவிழ்ந்திருந்தார். பிறகு அவரே எழுந்து, பூட்டிக் கிடக்கும் சங்கக் கூடத்தைக் காலை ஆறு மணிமுதல் ஒன்பது மணிவரை தேர்வுக்குப் படிப்போர்க்குத் திறந்துவிடலாம் என்றும், மின்கட்டணத்தைத் தாம் ஏற்பதாகவும் கூறினார். அடுத்த வீட்டுத் தெலுங்கு ஆசிரியர், வாரம் மூன்று நாள் தெலுங்கு எழுதப் பயிற்றுவதாக ஒப்புக்கொண்டுள்ளார். “சும்மா இருப்பதற்கு மொழிபெயர்ப்பு வேண்டாம், வேலைக்கு வேண்டுமே” என்பது அவர் சொல். தமிழ் எழுதப் பயிற்றுவோர் நேயர்களுள் எவரேனும் இருப்பின் சங்கச் செயலாளரிடம் தெரிவிக்க வேண்டுகிறோம்.

நம் தம்பிக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. அடுத்த தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான். அப்பெயரை நாம் விட்டொழித்தோம், வீட்டாரும் விட்டனர். பகற்பணி நாள்களில், நாம் கைகழுவி அமர்ந்தபின் அவன் பெயரைச் சொல்லி அழைக்கிறோம். முதல் இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்து அமர்ந்தான். எதுவும் பேசவில்லை. குழம்பை மட்டும் நம் பக்கம் நகர்த்தி வைத்தான்.