மெத்திலீன் நீலத்தை விடுங்க, பத்திக் தண்ணியைக் கொண்டு வாங்க

தேயிலைச் சக்கை சாயத்தைப் பிடிக்கும், பலாத்தோல் பிடிக்கும், வாழைப்பழத்தோலும் பிடிக்கும். இதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. முப்பது வருசமா ஆய்வுகூடங்களில் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. எங்கள் கேள்வி வேற: எந்தச் சாயத்தை?

2009 இல் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹமீது, குடிச்சு முடிச்ச தேயிலைச் சக்கை 1 கிராம் சுமார் 300 மில்லிகிராம் மெத்திலீன் நீலத்தைப் பிடிக்கும் என்று காட்டினார். பிரமாதம். ஆனால் மெத்திலீன் நீலம் நேரேற்றம் உள்ள சாயம், சக்கையோ மறையேற்றம் உள்ளது. இரண்டும் ஒட்டாமல் என்ன செய்யும்? பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்கள் மறையேற்றம் உள்ளவை. சக்கை அவற்றைத் தள்ளிவிடும்.

எவ்வளவு தள்ளும் என்பதற்குப் பழைய கணக்கே இருக்கு. 1996 இல் கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகத்தில் நமசிவாயம் குழுவினர் தோடம்பழத்தோலைச் சோதித்தார்கள். ரியாக்டிவ் வகையான புரோசியன் ஒரேஞ்ச் சாயத்தை 1 கிராம் தோல் பிடித்தது சுமார் 1.3 மில்லிகிராம்தான். அதுவும் தண்ணீரை நல்லா அமிலமாக்கிய பிறகு. கணக்குப் போட்டுப் பாருங்க: 10 கிராம் மெத்திலீன் நீலத்துக்கு 33 கிராம் சக்கை போதும், 10 கிராம் புரோசியனுக்கு ஏழரைக் கிலோவுக்கு மேலே தோல் வேணும்.

இரத்தோட்டையிலிருந்து கீழே இறங்கினால் மாத்தளை, அங்கே பத்திக் பட்டறைகள். 2020 இல் பத்திக்குக்கென்று இராஜாங்க அமைச்சே வைச்சாங்க. பட்டறைத் தண்ணியில் சாயம் மட்டுமா இருக்கு? மெழுகு, சோடா, உப்பு எல்லாம் கலந்து காரமாக வரும். காரத்தில் சக்கையின் மறையேற்றம் இன்னும் கூடும். காய்ச்சி வடித்த தண்ணியில் ஒரே ஒரு சாயத்தைக் கரைச்சு எடுத்த விளைவை அந்த வாளியில் ஊற்றி, "மலிவான தீர்வு" என்று பதிவு போடுவது எங்களுக்குச் சரியாப் படல.

"அதுக்குத்தானே மாற்றியமைக்கிறோம்" என்பார்கள். உண்மைதான். அமோனியச் சேர்மங்களால் தோலுக்கு நேரேற்றம் கொடுத்தால் ரியாக்டிவ் சாயமும் ஒட்டும். சுட்டுக் கரியாக்கினாலும் பிடிக்கும் அளவு கூடும். ஆனால் அந்த இரசாயனத்துக்கும் விலை உண்டு, அதைக் கழுவும் தண்ணியும் எங்கேயோ போகணும். சாயம் குடிச்ச சக்கை கடைசியில் எங்கே போகுது? எரிச்சால் புகை, உரக்குழியில் போட்டால் மண்ணில் சாயம். குப்பையில் தொடங்கி குப்பையில் முடிகிற கதையில் நடுப்பக்கம் மட்டும் படிச்சா எப்படி?

உப்பு இன்னும் மோசம். நிறம் போன தண்ணீர் கண்ணுக்குச் சுத்தமாத் தெரியும், கரைந்த உப்பைச் சக்கை தொடவே தொடாது. திருப்பூர்ச் சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டதில் பெரிய பங்கு இந்த உப்புக்குத்தான். 1992 இல் பாசனத்துக்கென்று கட்டின ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குளமாச்சு, அணையில் தண்ணி இருந்தும் விவசாயி அதை வயலுக்கு விடப் பயந்தான். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அங்கே தோலும் சக்கையும் கிடைக்காமலா அந்த நிலைமை வந்துச்சு?

ஆனாலும் நாங்கள் இதற்கு எதிரி இல்லை. நாலைந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்குக் கோடிக் கணக்கில் சுத்திகரிப்பு நிலையம் வராது. நிறத்தைப் பிடிக்க ஒரு பீப்பாய்ச் சக்கை உதவினால் நல்லதே. அப்படியானால் அந்தப் பட்டறைத் தண்ணியிலேயே சோதிங்க. உப்பு எவ்வளவு மிஞ்சியது, சக்கையை எங்கே போட்டீங்க என்று எழுதுங்க. சக்கையைச் சேர்த்து, அவிச்சு, அமிலத்தில் கழுவி, காயவைக்கிற ஆளின் நாட்கூலியையும் அந்த "மலிவு"க் கணக்கில் சேருங்க. எங்கள் தோட்டத்துப் பொம்பளைகள் சும்மா செய்வார்கள் என்று நினைச்சு எழுதினதா இருந்தால், இப்பவே சொல்லிடுங்க.