இன்னொரு சுத்து வேண்டாம்

ரெஸ்யூமேல 'ஹாபி'ன்னு ஒரு வரி இருக்கும். நம்மில் பாதிப் பேர் அதில் 'பாட்டு கேட்பது, கிரிக்கெட்'னு போட்டுட்டு அடுத்த வரிக்குப் போயிடுவோம். நானும் அப்படித்தான் போட்டேன். ஆனா என் உண்மையான ஹாபி வேற. ஏழாவது படிச்ச காலத்திலிருந்து நான் ஈ கட்டுறேன். ஓட்டுறது இல்ல, கட்டுறது.

ட்ரவுட் மீன் தண்ணியில் மிதக்கிற குட்டிப் பூச்சிகளைத் தின்னும். அந்தப் பூச்சி மாதிரியே தெரியறதுக்கு, தூண்டில் முள் மேல நூலும் இறகும் சுத்திச் செய்யற போலிப் பூச்சிக்குப் பேர்தான் 'ஃப்ளை'. எனக்குக் கத்துக்கொடுத்தவர் ஊட்டிப் பக்கம் ஒரு டீ எஸ்டேட் ஆபீஸ்ல வேலை பார்த்த என் பெரியப்பா. ட்ரவுட் நம்ம ஊர் மீன் இல்ல. வெள்ளைக்காரங்க கொண்டு வந்தது. 1907-ல் ஹெச். சி. வில்சன் அவலாஞ்சியில் பொரிப்பகம் ஆரம்பிச்ச பிறகுதான் அது நீலகிரியில் நிலைச்சது. மலைமேல தண்ணி ஜில்லுனு இருந்ததால தப்பிச்சது.

நான் மீன் பிடிச்சது ரொம்பக் குறைவு. அனுமதி வாங்கணும், அதிகாலையில் எழுந்திருக்கணும், எனக்கு ரெண்டுமே ஒத்துவராது. கட்டுறதுதான் பிடிக்கும். அதுவும் சின்னது. தூண்டில் முள்ளில் நம்பர் ஏற ஏற சைஸ் குறையும். நான் கட்டுறது 20, 22. ஒரு அரிசி மணியை விடச் சின்னது.

எனக்குப் பிடிச்சது 'கிரிஃபித்ஸ் நேட்'. ஜார்ஜ் கிரிஃபித் பேரில் இருக்கிற ஃப்ளை. 1959-ல் அமெரிக்காவின் மிச்சிகனில் 'ட்ரவுட் அன்லிமிடெட்' அமைப்பைத் தொடங்கினவர்களில் அவரும் ஒருவர். முள்ளையும் நூலையும் விட்டா அதுக்கு ரெண்டே பொருள்தான். உடம்புக்கு மயில் பீலியின் ஒரு இழை, அதுக்கு மேல கறுப்பு வெள்ளை வரி போட்ட சேவல் இறகு. இறகை நாலஞ்சு சுத்து சுத்தி, முன்னாடி நூலால முடிச்சுப் போட்டா முடிஞ்சது.

இது சுலபம்னு நினைச்சுத்தான் நானும் ஆரம்பிச்சேன். முதல் லீவு முழுக்க ஒண்ணுகூட உருப்படல. பயம்தான் காரணம். பிரிஞ்சிடுமோன்னு நூலை இன்னும் அஞ்சு சுத்து, மொட்டையா இருக்கேன்னு இறகை இன்னும் ரெண்டு சுத்து. பெரிய முள்ளில் அது தெரியாது. 22-ல் ஒவ்வொரு சுத்தும் தெரியும். உடம்பு தடிச்சு, முள்ளோட வாய்க்கும் தண்டுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளி நிரம்பிடும். மீன் கவ்வினாலும் மாட்டாது. ஊசிக்கு இருக்கிற மாதிரி முள்ளுக்கும் ஒரு காது உண்டு. முன்னாடி நூல் குவிஞ்சு அதுவும் அடைச்சுக்கும்.

பெரியப்பா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துட்டு ஒரே வார்த்தைதான் சொல்வார்: "காதை அடைச்சிட்டியேடா. தூண்டில் நரம்பை எதுல கோப்ப?"

பதிமூணு வயசில் என் விரலுக்கு இது பழகிடுச்சு. இருபத்தொரு வயசில் என் மூளைக்குப் பழகல.

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட், ஹாஸ்டல் தண்ணி டேங்க் நிரம்பினா சொல்ற ஒரு கருவி. டீம்ல ஒருத்தன் முதல் மாசத்திலேயே பிரெட்போர்டில் செஞ்சு காட்டினான். ஒரு சென்சார், ஒரு பஸ்ஸர். வேலை செஞ்சது. "இது மினி ப்ராஜெக்ட் மாதிரி இருக்குடா"ன்னு சொன்னது நான். ஆப் வேணும்னு சொன்னது நான். அப்புறம் டாஷ்போர்டு. அப்புறம் தண்ணி எப்போ தீரும்னு கணிக்கிற மெஷின் லேர்னிங். அவன் ஒவ்வொரு தடவையும் "போதும்டா"ன்னான். நான் கேக்கல.

ரெண்டாவது ரெவ்யூ அன்னிக்கு வைஃபை கனெக்ட் ஆகல. நாங்க எல்லாத்தையும் சர்வர் வழியாத்தான் ஓட்டியிருந்தோம். பஸ்ஸரும் அடிக்கல. பேனல்ல இருந்த மேடம் பொறுமையாத்தான் கேட்டாங்க: "டேங்க் நிரம்பியிருக்கா இல்லையா? அதை மட்டும் காட்டுங்க." முதல் மாசம் காட்ட முடிஞ்சதை ஆறாவது மாசம் எங்களால் காட்ட முடியல. அவன் என்னைத் திட்டல. பேசறதை நிறுத்திட்டான். அன்னிக்கு ராத்திரி ரூம்ல வைஸ்ல முள்ளை மாட்டி உக்காந்தப்பதான் உறைச்சது. மறுபடியும் காதை அடைச்சிருக்கேன்.

தப்பு என்னுதுதான். ஆனா அந்தப் புத்தி எனக்கு மட்டும் வந்ததில்ல. நம்ம மார்க் ஷீட்டைப் பாருங்க. புதுமைக்கு மார்க், எத்தனை டெக்னாலஜி பயன்படுத்தினோம்னு மார்க். போஸ்டரில் ஐஓடி, ஏஐ, கிளவுட் மூணும் இருந்தாத்தான் ஆடியன்ஸ் நிக்குறாங்க. 'நிறைய கத்துக்கணும்னா நிறைய சேர்த்துத்தானே ஆகணும்?'னு கேட்பீங்க. நியாயம்தான். சேர்த்துப் பார்க்காம எது வேண்டாததுன்னு தெரியாது. நானும் நூத்துக்கணக்கான ஈயைக் கெடுத்துத்தான் கத்துக்கிட்டேன். ஆனா சேர்த்ததை எடுக்கறதுக்கு நமக்கு யாரும் மார்க் போடல, அதனால யாரும் எடுக்கறதில்ல.

அதனால டிபார்ட்மென்ட்டுக்கு என் கோரிக்கை ஒண்ணே ஒண்ணு. ரெவ்யூ ஷீட்டில் ஒரு கட்டம் சேருங்க: 'எதை நீக்கினீர்கள், ஏன்?' பத்து மார்க் போதும். அடுத்த பேட்ச் 'போதும்டா'ன்னு சொல்றவனைக் கொஞ்சமாவது கேட்கும்.

நாங்க கடைசியில் எல்லாத்தையும் கழட்டிட்டு சென்சாரும் பஸ்ஸருமாத்தான் ஃபைனல் டெமோ காட்டினோம். மார்க் சுமார்தான். இப்போ அது எங்க பிளாக் மொட்டைமாடி டேங்க்ல இருக்கு. தினமும் காலையில் அடிக்குது. அவன் இன்னும் என்கிட்ட அளவாத்தான் பேசறான். அதில் தப்பு சொல்ல எனக்கு வாயில்ல.

ரெஸ்யூமேல அந்த வரியை மட்டும் மாத்திட்டேன்.