மனச்சோர்வும் ஒரு நோயே

பயிர் வாடினால் செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்கும் விவசாயி, தம் மனம் வாடினால் "எல்லாம் தலைவிதி" என்று இருந்துவிடுகிறார். இது சரியன்று.

மழை பொய்த்து, கடன் தவணை நெருங்கும்போது, சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்னும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கின்றன. ஆபத்தைச் சமாளிக்க உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. ஆபத்து நீங்கியதும் மூளையே இச்சுரப்பைக் குறைத்துவிடும். ஆனால் கவலை மாதக்கணக்கில் நீடித்தால் இக்கட்டுப்பாடு தளர்ந்துவிடக்கூடும். தூக்கம் கெடும், பசி குறையும், எதிலும் நாட்டம் இராது. மனச்சோர்வு நோய்க்கு இது ஒன்றே காரணமன்று. பரம்பரை, தனிமை போன்றவையும் உண்டு. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் இதே போன்ற சோர்வு தோன்றும். இரத்தப் பரிசோதனையில் அதைக் கண்டறியலாம்.

இரண்டு வாரங்களுக்கு மேல் இந்நிலை நீடித்தால் அரசு மருத்துவமனையில் மருத்துவரிடம் காட்டவேண்டும். 2022-இல் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற தொலைபேசி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். இந்நோய் உள்ளவர் வீட்டில் பூச்சிமருந்து வைத்திருக்கக் கூடாது.

மருந்து மட்டும் போதுமா? போதாது. கடன் தவணையை ஒத்திவைப்பதும், பயிர்க் காப்பீட்டுத் தொகையை உரிய காலத்தில் வழங்குவதும் இந்நோய்க்குத் தடுப்பு முறைகளே. மண் பரிசோதனையை வலியுறுத்தும் வேளாண் அலுவலர்கள், விவசாயியின் முகவாட்டத்தையும் கவனித்தல் அவசியம்.