மணலணையும் பொன்னாடையும்

‘தொண்டு’ என்னும் சொல்லை நாம் மிக எளிதாகப் பயன்படுத்திவிடுகிறோம். இளைஞர் ஒருவர் வானூர்தி ஏறி ஆப்பிரிக்கச் சிற்றூர் ஒன்றுக்குச் சென்று, சில நாள் மண்வெட்டி பிடித்துத் திரும்பினால், பெருந்தொண்டு ஆற்றி வந்தார் என்று அவரை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துகிறோம். எனக்கும் அவ்வாறே போர்த்தினார்கள். நான் பயின்ற இத்தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலரில் எழுத இடமளித்த ஆசிரியப் பெருமக்களுக்கு நன்றி கூறி, அப்பொன்னாடை எனக்கு உரியதன்று என்னும் கருத்தை இங்கு முன்வைக்க விரும்புகிறேன். அடக்கத்தால் இதனைக் கூறவில்லை. கணக்குப் பார்த்தே கூறுகிறேன்.

நான் சென்றது கென்யா நாட்டின் மச்சாக்கோஸ் மாவட்டம். தலைநகர் நைரோபிக்குத் தென்கிழக்கே, கம்பா இன மக்கள் வாழும் வறண்ட நிலம் அது. அங்கு ஆண்டில் இரு மழைப் பருவங்கள் உண்டு. மார்ச்சு முதல் மே வரை ஒன்று, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மற்றொன்று. நம் நாட்டைப் போல் எந்த மாதத்திலும் மழையை எதிர்பார்க்க இயலாது. பெய்யும் மழையும் செந்நிற வெள்ளமாக ஆற்றில் ஓடி விரைவில் மறைந்துவிடும். பின்னர் எஞ்சுவது வெறும் மணற்படுகையே. அம்மணலில் ஊற்றுத் தோண்டி, 20 லிட்டர் கலன்களில் நீர் நிரப்பி, கழுதையின் மேல் ஏற்றியோ, நெற்றியில் வாரிட்டு முதுகில் சுமந்தோ பெண்கள் வீடு கொண்டு சேர்ப்பர். ஒரு கலன் நீரின் எடை 20 கிலோ. நானும் ஒருமுறை சுமந்து பார்த்தேன். நூறு அடி செல்வதற்குள் இறக்கி வைத்துவிட்டேன்.

இத்துன்பத்திற்கு அவர்கள் கையாளும் மருந்து மணலணை. பாறை அதிக ஆழமின்றிக் கிடைக்கும் இடமாகப் பார்த்து, ஆற்றின் குறுக்கே பாறை தட்டும்வரை அகழ்ந்து, கல்லும் சிமெண்டுச் சாந்தும் கொண்டு சுவர் எழுப்புவர். வெள்ளம் வரும்போது பருமணல் தன் கனத்தால் சுவரின் பின்னே படியும். நுண்ணிய வண்டல் நீரோடு சுவரைத் தாண்டிச் சென்றுவிடும். சில மழைப் பருவங்களில் அணையின் பின்புறம் மணலால் நிரம்பும். ஏரி தூர்ந்தால் நாம் வருந்துவோம். இங்கோ தூர்வதே நோக்கம்! மணற்பருக்கைகளின் இடைவெளியில், மொத்தக் கொள்ளளவில் 25 முதல் 40 விழுக்காடு வரை நீர் தங்கும். வெயில் அதனை எளிதில் உறிஞ்சாது. கொசு அதில் முட்டையிடாது. மணலே வடிகட்டியாகவும் அமையும். அறிவியல் வகுப்பில் வடிகட்டும் சோதனை செய்த மாணவர்கள் இதனை நன்கு உணர்வர்.

இனி அந்த ஒரு நாளைப் பற்றிக் கூறுகிறேன். நாங்கள் அறுவர் காலை 7 மணிக்கு ஆற்றங்கரையை அடைந்தோம். ஏறக்குறைய நாற்பது பேர் எங்களுக்கு முன்பே வந்திருந்தனர். அவருள் பெரும்பாலோர் பெண்கள். முவேத்தியா என்பது அவர்தம் கூட்டுழைப்புக் குழுவின் பெயர். ஒருவர் நிலத்தில் வேலை என்றால் அண்டை அயலார் கூடி முடித்துக் கொடுக்கும் பழைய வழக்கத்திலிருந்து வளர்ந்தது அது. முதலில் எங்களை வியக்க வைத்தவை கரையில் குன்றுபோல் குவிந்து கிடந்த கற்கள். மூன்று மாதமாக வாரம் இருமுறை கூடி, உடைத்துச் சுமந்து அவர்கள் சேர்த்தவை அவை. கலவைக்கு வேண்டிய மணலும் நீரும்கூட அவ்வாறே சேர்க்கப்பட்டிருந்தன. சிமெண்டும் இரும்புக் கம்பியும் மட்டுமே வெளியிலிருந்து வந்தவை; அவற்றோடு நாங்களும் வந்து இறங்கினோம்.

குவியலிலிருந்து அணை வரை மனிதர் வரிசையாக நின்றனர். கல் கைமாறிக் கைமாறிச் சென்றது. நான் கல்லை வாங்கும்போதெல்லாம் வரிசையின் ஓட்டம் தடைப்பட்டது. அருகில் நின்ற பெண்மணி என் மணிக்கட்டைத் தட்டி, முழங்காலைச் சற்று மடக்கி வாங்க வேண்டும், திரும்பாமல் கொடுக்க வேண்டும் என்று செய்து காட்டினார். 10 மணிக்குள் என் உள்ளங்கைகள் கொப்புளித்துவிட்டன. என் பாட்டியின் வயதை ஒத்த மூதாட்டி ஒருவர், ஒரு சொல்லும் கூறாமல் என் இடத்தில் வந்து நின்றுகொண்டார். நான் சாந்து சுமக்கும் பணிக்கு அனுப்பப்பட்டேன். சாந்து ஏந்தும் இரும்புச் சட்டியை அவர்கள் ‘கராய்’ என்றனர். நாம் அறிந்த கடாய்தான்! இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்று சுவாகிலி மொழியில் குடியேறிய சொல் அது. நண்பகலில் சோளமும் பயறும் ஒன்றாக வேகவைத்த உணவு வந்தது. எங்கள் தட்டுகளில் மட்டும் இருமடங்கு இட்டார்கள் என்பதை நான் சற்றுத் தாமதமாகவே கவனித்தேன்.

உணவுக்குப் பின் குழுத் தலைவியாகிய அம்மையார் பதிவேட்டை எடுத்து ஒவ்வொருவர் பெயராக அழைத்துக் குறித்தார். வாராதவர் தண்டம் செலுத்த வேண்டுமாம். என் பெயரையும் எழுதிக்கொள்ளுமாறு வேண்டினேன். அவர் சிரித்து, “நீங்கள் வகேனி” என்றார். சுவாகிலியில் அதன் பொருள் விருந்தினர். அச்சொல்லை அன்பு மொழியாகவே அப்பொழுது ஏற்றேன். இரவில் படுக்கையில் கிடந்து எண்ணியபோதுதான் அதன் முழுப் பொருளும் விளங்கிற்று. பதிவேட்டில் பெயருள்ளவருக்கு நாளை இன்னொருவர் நிலத்தில் உழைக்கும் கடன் உண்டு. தம் நிலத்தில் பிறர் வந்து உழைக்கும் உரிமையும் உண்டு. விருந்தினருக்கு இவ்விரண்டும் இல்லை. கடனும் உரிமையும் இல்லாத ஒரு நாள் உழைப்பைத்தான் நாம் இங்கு தொண்டு என்று கொண்டாடுகிறோம்.

கணக்கு என்றேனன்றோ? என் ஒருத்தியின் வானூர்திச் செலவு அவ்வணைக்கு வேண்டிய சிமெண்டில் ஒரு நல்ல பங்கை வாங்கியிருக்கும். அங்கு கைகளுக்குப் பஞ்சமில்லை. என் கைகளைவிட வலிய கைகள் நாற்பது இணை இருந்தன. பஞ்சம் சிமெண்டுக்குத்தான். ஆயினும் சிமெண்டு வாங்கப் பணம் அனுப்பியவரை எவரும் மேடைக்கு அழைப்பதில்லை.

கம்பா மக்களின் வரலாற்றை அறிந்தபின் இவ்வெண்ணம் மேலும் வலுப்பெற்றது. ஆங்கிலேயர் ஆட்சியில், மண்ணரிப்பைத் தடுப்பதாகக் கூறி அவர்களுடைய மாடுகளைக் கட்டாயமாகக் குறைக்க முற்பட்டனர். 1938இல் முயிந்தி இம்பிங்கு என்பவர் தலைமையில் ஆயிரக்கணக்கானோர் ஆளுநரைக் காண நைரோபிக்குச் சென்றனர். அரசு பின்வாங்கியது; ஆனால் தலைவரை லாமுவுக்கு நாடு கடத்தியது. கட்டாயத்தின்பேரில் வெட்டப்பட்ட படிநிலங்களையும் மக்கள் வெறுத்தனர். 1963 டிசம்பர் 12இல் நாடு விடுதலை பெற்றது. அதன்பின் அதே மக்கள், எவரும் ஏவாமலே, தம் சரிவு நிலங்களில் படிநிலம் அமைத்தனர். வாய்க்கால் வெட்டி, மண்ணை மேட்டுப் பக்கம் எறிந்து வரப்பிடும் அம்முறைக்கு ‘ஃபான்யா ஜூ’ என்று பெயர். ‘மேலே போடு’ என்பதுபோன்ற பொருள். 1930களுக்கும் 1990க்கும் இடையே மச்சாக்கோசில் மக்கள்தொகை ஐந்து மடங்குக்கு மேல் பெருகியும் மண்ணரிப்புக் குறைந்தது என்பதை மேரி டிஃப்பன் முதலிய மூவர் 1994இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டினர். மண்வெட்டி அதே மண்வெட்டிதான். ஏவியவர் மாறியதும் வேலையும் மாறிவிட்டது.

அப்படியானால் வெளிநாட்டு இளைஞர் எவரும் அங்குச் செல்லவே வேண்டா என்பாரும் உளர். அக்கருத்து எனக்கு உடன்பாடன்று. செல்லட்டும், ஆனால் மாணவராகச் செல்லட்டும். பத்து நாள் அன்று, ஒரு மழைப் பருவம் முழுவதும் தங்கட்டும். புறப்படுமுன் சுவாகிலியில் நான்கு வாக்கியமேனும் பேசப் பழகட்டும். அவ்வூர்த் தலைவி எங்கே நிற்கச் சொல்கிறாரோ அங்கே நிற்கட்டும். அங்குள்ள குழந்தைகளைப் பெற்றோர் இசைவின்றிப் படம் பிடிக்கும் வழக்கத்தை அறவே விடட்டும். நம் பிள்ளைகளை அந்நியர் ஒருவர் அவ்வாறு படமெடுத்தால் நாம் பொறுப்போமா? அனுப்பி வைக்கும் சங்கங்களும் முதலில் சிமெண்டுக்குப் பணம் திரட்டிவிட்டு, எஞ்சியதில் பயணச் சீட்டு வாங்கட்டும்.

நம்மவர்க்கும் இதில் ஒரு செய்தி உண்டு. கோத்தோங் ரோயோங் நம் பள்ளிகளுக்குப் புதியதன்று. ஆயினும் பலவிடங்களில் நாளும் வேலையும் முன்பே முடிவாகிவிடுகின்றன. பெற்றோருக்குத் துடைப்பம் கொண்டுவருமாறு கடிதம் மட்டும் செல்கிறது. பிறகு, வருவோர் ஆண்டுக்காண்டு குறைகின்றனர் என்று குறைப்படுகிறோம். எந்த வடிகாலை முதலில் சீர்செய்வது என்று பெற்றோரையும், ஏன், ஆறாம் ஆண்டு மாணவர்களையும் கேட்டுப் பார்த்தால் என்ன?

அண்மையில் அம்மையாரிடமிருந்து செய்தி வந்தது. கடந்த மழையில் அணையின் பின்னே பாதியளவு மணல் படிந்துள்ளதாம். மேட்டு நிலத்தில் படிகள் வெட்டாவிட்டால் வண்டல் வந்து மணலைக் கெடுத்துவிடும் என்பதால், குழு இன்னும் வாரம் இருமுறை கூடுகிறதாம். என் உள்ளங்கைக் கொப்புளங்கள் ஆறிவிட்டனவா என்றும் கேட்டிருந்தார்.